மலிந்த வெயிலும் மாறும் நிலமும்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்னிட்டு ஒரு விசாரணை

2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கப்பட்ட காலத்தில், வெயிலிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்திருந்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. அவ்வாண்டின் இறுதியில் நடந்த முதல் ஏலத்திலேயே அது சராசரியாக 12 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கியது. 2017 மே மாதத்தில் ராஜஸ்தானத்துப் பாலைநிலமான பட்லாவில் 2 ரூபாய் 44 காசைத் தொட்டது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசுக்கு ஏலம் கேட்கப்பட்டபோது, இதற்குக் கீழே போக இடமில்லை என்று தொழில் தெரிந்தவர்களே சொன்னார்கள். பின்னர் இறக்குமதி வரியினாலும் வேறு காரணங்களாலும் விலை இரண்டரை ரூபாய்ப் பக்கம் திரும்பியது என்றாலும், பழைய உயரத்துக்கு அது மீண்டும் ஏறப்போவதில்லை. தமிழ்நாட்டிலும் இதே கதைதான்: 2014இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் 7 ரூபாய் 1 காசு என்று விதித்த விலை, 2017ஆம் ஆண்டு ஏலத்தில் 3 ரூபாய் 47 காசாயிற்று.

இவ்வீழ்ச்சியின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் செய்து காட்டிய சிலிக்கன் மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை மட்டுமே மின்சாரமாக மாற்றியது. வெகுகாலம் வரை செயற்கைக் கோள்களைத் தவிர வேறெவராலும் அதை விலைகொடுத்து வாங்க இயலவில்லை. ஜெர்மனி 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் அதற்கு நிச்சயமான ஒரு சந்தையை ஏற்படுத்திக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீனின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்கள் சீனத்துக்குத் திரும்பித் தொழிற்சாலைகளை நிறுவினார்கள். உலகம் முழுவதிலும் நிறுவப்பட்ட சூரிய மின்தகடுகளின் மொத்த அளவு இரட்டிக்கும்தோறும் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வந்தது. 1976இல் ஒரு வாட்டுக்கு நூறு டாலருக்கு மேல் விற்ற தகடு, 2024இன் இறுதியில் சீனத்துத் துறைமுகங்களில் பத்து சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. இன்றைய தகடு தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரமாக்குவதால், ஒரே அளவு மின்சாரத்துக்கு முன்னைவிடக் குறைந்த நிலமே போதும் என்பதும் உடன் கவனிக்கத் தக்கது.

ஆயினும் என் விசாரணை தகட்டைப் பற்றியதன்று. தகட்டின் காலடியில் கிடக்கும் மண்ணைப் பற்றியது. 2010-11இல் ஒரு மெகாவாட் நிலையத்துக்கு ஆணையம் கணக்கிட்ட மூலதனம் 16 கோடியே 90 லட்சம் ரூபாய். இன்று அது சுமார் நான்கு கோடிக்குள் அடங்கிவிடுகிறது. மெகாவாட்டுக்கு நாலு முதல் ஐந்து ஏக்கர் நிலம் வேண்டும். ஏக்கர் இருபது லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஐந்து ஏக்கரின் கிரயமாகிய ஒரு கோடி ரூபாய் அன்றைய மொத்தச் செலவில் பதினேழில் ஒரு பங்கு. இன்றோ நிலம் நீங்கலான செலவில் அது நாலில் ஒரு பங்குக்குச் சமானம். தகடு மலிய மலிய, செலவில் நிலத்தின் பங்கு பெரிதாகிக்கொண்டே வருகிறது. முதலாளி எதில் சிக்கனம் பிடிக்க முடியுமோ அதில்தான் கண் வைப்பான் ஆதலால், விலை குறைந்த நிலம், கேட்பாரற்ற நிலம், கணக்கில் தரிசென்று எழுதப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது என்ற தேட்டம் இக்காலத்தில் தீவிரமாகியிருப்பது ஆச்சரியமன்று. சூரிய மின்சாரத்தின் மலிவு நிலத்தின் மேல் ஏற்படுத்தும் முதல் விளைவு இதுவே.

தமிழ்நாட்டில் இதன் பெரிய உதாரணம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி. 2016இல் அங்கே எழுந்த 648 மெகாவாட் நிலையம் அக்காலத்தில் உலகத்தில் ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் மிகப் பெரியதென்று பேசப்பட்டது. சீமைக் கருவேல் மண்டிய மானாவாரி பூமியில் சுமார் 2,500 ஏக்கர் அதற்குப் போயிற்று. கருநாடகத்துத் துமகூரு மாவட்டத்தில் பாவகடாவில் வேறொரு முறையைக் கையாண்டார்கள். ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து உயர்வு என்ற நிபந்தனையோடு 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, 2,050 மெகாவாட் நிலையத்தை அமைத்தார்கள். அடிக்கடி மழை பொய்க்கும் அப்பிரதேசத்தில் நிலமுடையவனுக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்நிலத்தில் களையெடுத்தும் கடலை பிடுங்கியும் ஆடு மேய்த்தும் ஜீவித்தவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லாததால், குத்தகைப் பணத்தில் அவர்களுக்கு ஒரு காசும் இல்லை. பாவகடாவைப் புகழ்ந்து எழுதியவர்களில் பலர் இந்த ஒரு வரியை அவசரமாகக் கடந்து போய்விடுகிறார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில் கமுதியைப் போன்றதொரு பெருநிலையம் இல்லை. சென்னைக்கு இத்துணை அண்மையில் உள்ள நிலத்தின் விலை பெருநிலையக்காரர்களைத் தெற்கே அனுப்பிவிட்டது. இருந்தும் இவ்வட்டாரத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏரிப்பாசனமே விவசாயத்தின் ஆதாரமாக உள்ள இப்பகுதியில், நிலம் என்பது தனித்தனிச் சர்வே எண்களின் தொகுதி அன்று. பல்லவ மன்னன் தந்திவர்மனின் விருதுப்பெயரால் வைரமேகத் தடாகம் என்று வழங்கிய உத்திரமேரூர்ப் பேரேரியாகட்டும், அதைச் சூழ்ந்த சிற்றூர்களின் சிறு ஏரிகளாகட்டும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு நீர்ப்பிடிப்பு, கீழே ஓர் ஆயக்கட்டு, மேலேரியின் கலங்கல் வழிந்து கீழேரிக்குப் போகும் ஓடை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்துக்குப் பெயர் வைத்திருக்கும் இப்பகுதியில் எந்தப் போகம் எத்தனை ஏக்கரில் நடப்படும் என்பதைத் தீர்மானிப்பது ஏரியில் நிற்கும் தண்ணீரே. ஆயக்கட்டின் நடுவே பத்து ஏக்கர் நஞ்சை தகட்டுக்குப் போகுமானால், போவது பத்து ஏக்கர் மட்டுமன்று. வாய்க்கால் தூர் எடுக்கவும் மடை பார்க்கவும் கூடுகிறவர்களில் சிலரும் போகிறார்கள், அவர்கள் வரப்பை ஒட்டி ஓடிய வாய்க்கால் மேடாகிவிட்டால் கடைமடைக்காரனின் கதியும் மாறுகிறது. மறுபக்கத்தில், அந்தப் பத்து ஏக்கருக்குப் பாய வேண்டிய தண்ணீர் மற்றவர்களுக்கு மிஞ்சுகிறது என்பதும் உண்மை. கோடையில் நவரைக்கு ஒரு தண்ணீர் குறைந்து கதிர் பதராவதைக் கண்டவர்கள் இதை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

இங்கே நெல்வயலைத் தின்றது எது என்று நியாயமாகக் கேட்டால், தகட்டின் பெயர் கடைசியில்தான் வரும். வர்ணம் பூசிய மனைக்கற்கள் முதலில் வரும். பிறகு கல்குவாரிகளும் கிரஷர்களும், வடக்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளும். 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் முதலிய கிராமங்களில் நிலத்தோடு ஏரிகளும் போகவிருப்பது பற்றிய கிளர்ச்சி எல்லோரும் அறிந்தது. வீட்டுமனையாகப் பிரிந்த நஞ்சை மறுபடி நஞ்சையாவதில்லை. குவாரிக் குழி வயலாவதில்லை. தகடு நட்ட நிலமோ, செய்முறையில் கவனம் இருக்குமானால், மீளக்கூடியது. எனவே, சோலார் வந்தால் சோறு போய்விடும் என்று பொதுப்படையாக அஞ்சுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தியா முழுவதற்கும் 3 லட்சம் மெகாவாட் என்று வைத்துக்கொண்டு மெகாவாட்டுக்கு ஐந்து ஏக்கர் போட்டாலும் 15 லட்சம் ஏக்கர். தேசத்தின் விஸ்தீரணத்தில் அது நூற்றுக்குக் கால் பங்குகூட ஆகாது. ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்கிறேன்: மக்காச்சோளம் விளைவித்து எத்தனால் காய்ச்சி வண்டி ஓட்டுவதை நாம் இன்று பெருமையாகப் பேசுகிறோம், ஓர் ஏக்கர் மக்காச்சோளத்தின் எத்தனாலில் ஒரு கார் ஆண்டுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர் ஓடுமானால், ஓர் ஏக்கர்த் தகட்டின் மின்சாரத்தில் அதே போன்ற மின்கார்கள் 20 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எரிபொருளுக்காக நிலத்தைச் செலவிடுவது தவறென்பவர்கள் விசாரிக்க வேண்டிய இடம் எத்தனால் ஆலை.

ஆனால் தேசக் கணக்கு வேறு, கிராமக் கணக்கு வேறு. 2019இல் வந்த பிரதம மந்திரியின் குசும் திட்டத்தின் முதல் பிரிவு, துணை மின்நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களுக்கு வழி செய்கிறது. தரிசு நிலத்தில் நேராகவும், சாகுபடி நிலத்தில் கால்கள் உயர்த்தி அடியில் பயிர் இருக்கும்படியாகவும் அவற்றை நிறுவலாம். கமுதி அளவுக்கு நிலம் தேடினால் காஞ்சிபுரம் ஒத்துவராது. பத்து ஏக்கர் தேடினால் எந்த ஊரிலும் கிடைக்கும். தகடு மலிந்ததன் இரண்டாவது விளைவு இது: பெருமுதலுக்கே எட்டிய தொழில் சிறு அளவிலும் கட்டுபடியாகத் தொடங்கிவிட்டது.

நிலமுடையவனின் நிலையிலிருந்து கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டுமுதல், 2024-25ஆம் பருவத்தின் கொள்முதல் நிலைய விலையாகிய 2,400 ரூபாய்ச் சொச்சம் என்று கொண்டால், ஒரு போகத்துக்கு 60,000. இரு போகத்துக்கு 1,20,000 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக மிஞ்சுவது அதில் பாதிகூட இராது. ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தருகிறது. யூனிட் 3 ரூபாய் என்றால், ஐந்து ஏக்கருக்கு 48 லட்சம், ஏக்கருக்கு ஒன்பதரை லட்சத்துக்கு மேல். இதில் பெரும்பகுதி கடனுக்கும் வட்டிக்கும் போய்விடும். ஏக்கருக்கு எண்பது லட்சம் முதல் போட வேண்டியிருக்கும்போது சாமானிய விவசாயி முதலாளியாக முடியாது, குத்தகைக்கு விடுகிறவனாகவே இருப்பான். அப்படியிருந்தும், நெல்லில் கிடைக்கும் நிகர லாபத்துக்குச் சமமான தொகையைக் குத்தகையாகக் கொடுப்பது நிலையத்துக்குப் பெரிய காரியமன்று. வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளை உடைய, கூலியாள் கிடைக்கவில்லை என்று வருஷந்தோறும் அங்கலாய்க்கும் ஒரு முதிய விவசாயிக்கு, மழையையும் கொள்முதல் நிலையத்தையும் நம்பியிராத அந்த வருமானம் எவ்வளவு இனிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வயலைக் கைவிடாமலே வெயிலையும் அறுவடை செய்யலாகாதா என்ற கேள்வி புதிதன்று. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் 1981இல், உருளைக்கிழங்குத் தோட்டத்தின்மேல் தகடுகளை உயர்த்தி அமைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் யோசனை சொன்னார். ஜப்பானில் அகிரா நாகஷிமா என்பவர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செய்து காட்டினார்; ஜப்பானிய அரசாங்கமும் 2013 முதல், விளைச்சல் வழக்கமான அளவில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அனுமதித்தது. நெற்பயிர் நிழலை விரும்பாதது. நிழலின் அளவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும்வரை அந்த எண்பதைக் காப்பாற்றலாம் என்று ஜப்பானிய வயல்களின் ஆராய்ச்சி தெரிவிக்கிறது. கொச்சி விமான நிலையத்தார் தங்கள் தகடுகளுக்கிடையே காய்கறி பயிரிடுகிறார்கள். ஆனால் உத்திரமேரூர் வயலுக்கு டிராக்டரும் நெல் அறுவடை இயந்திரமும் வர வேண்டும். அவை நுழையும் உயரத்துக்குத் தகட்டைத் தூக்கி நிறுத்துவதற்கு இரும்பு வேண்டும். தகடு மலிந்ததே தவிர இரும்பு மலியவில்லை. தகடுகளை அகல இடைவெளி விட்டு வரிசையாகச் செங்குத்தாக நிறுத்தி, நடுவே உழுதுகொள்ளும் முறை இதற்கு ஒரு மாற்று. அதில் தகட்டின் முழுத் திறனும் வெளிப்படாது. ஆயினும், தகடு பொன்விலை விற்ற நாளில் நினைத்துப் பார்க்க முடியாத அந்த விரயத்தை இன்றைய விலை தாங்கும். மலிவை லாபமாக மட்டுமன்றி இடைவெளியாகவும் செலவிடலாம் என்பதை நம் திட்டக்காரர்கள் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஏரியின் மேலேயே மிதக்கவிட்டால் என்ன என்று கேட்பார்கள். தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலையின் நீர்த்தேக்கத்தில் 2022 மார்ச்சில் மிதக்கும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 25 மெகாவாட்டுக்குச் சற்றே மேற்பட்டது. ஆலையின் நீர்த்தேக்கம் வற்றாது. நம் ஏரிகளோ மாசியில் வற்றத் தொடங்கிச் சித்திரையில் மாடு மேயும் தரையாகிவிடுபவை. அங்கே மிதவை தரைதட்டும், மீன் குத்தகைக்காரரோடும் மாட்டுக்காரரோடும் சச்சரவு முளைக்கும். இந்த யோசனையை இவ்வட்டாரத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கிணற்று மோட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் இலவச மின்சாரம் வந்துவிட்டது. ஆகையால், இனாமாகக் கிடைக்கும் சூரிய மின்சாரத்தால் நிலத்தடி நீர் புதிதாக வற்றிப் போகும் என்ற வாதம் இங்கே பாதிதான் பொருந்தும். வற்ற வேண்டியது முன்பே வற்றத் தொடங்கிவிட்டது. புதுமை வேறிடத்தில் இருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016 முதல், சூரிய மோட்டார் வைத்துள்ள விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, இறைத்தது போக மிஞ்சிய மின்சாரத்தை மின்நிறுவனத்துக்கு விற்கிறார்கள். இறைக்காத தண்ணீருக்கு அங்கே விலை பிறந்துவிட்டது.

தகடு பிறக்கும் இடமும் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் அமெரிக்க நிறுவனமாகிய ஃபர்ஸ்ட் சோலார் கட்டிய ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது; ஆண்டுக்கு 3,300 மெகாவாட் தகடு செய்யும் சக்தி வாய்ந்த அவ்வாலை, சென்னைக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீரில் ஓடுகிறது. ஒரகடத்தில் விக்ரம் சோலாரின் ஆலை 2021 முதல் இயங்குகிறது. இத்தகைய ஆலைகளும் கார்த் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த அப்பகுதியின் கூரைகளை மேலிருந்து பார்த்தால், நஞ்சையைத் தொடாமலே எத்துணை மெகாவாட்டுக்கு இடமிருக்கிறது என்பது விளங்கும். நிலத்தில் நிறுவுவதைவிடக் கூரையில் நிறுவுவதற்குச் செலவு அதிகம் என்பார்கள். அச்செலவில் நிலத்தின் கிரயம் இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனித் தீர்மானம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். கல்குவாரி தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். சூரிய ஒளி மின்நிலையத்துக்கு வேண்டியதில்லை. புகையில்லாத தொழிலென்று விலக்களித்தது நியாயமே. ஆனால் அந்த விலக்கோடு, ஊரார் வாய் திறந்து பேசக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு விசாரணை மேடையும் போய்விட்டது. மேய்க்கால் புறம்போக்கு முதலிய ஊர்ப் பொதுநிலங்களைத் தனியார் வசப்படுத்துவதை உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கண்டித்திருக்கிறது. எனினும் கணக்கில் தரிசென்று கிடப்பதெல்லாம் பயனற்றதென்ற எண்ணம் அலுவலகங்களில் இன்னும் மறையவில்லை. ஏரிக்கு மேலே உள்ள அத்தரிசுதான் பெரும்பாலும் ஏரியின் நீர்ப்பிடிப்பு.

உத்திரமேரூர் என்றவுடன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை நினைவுகூர்வது நமக்கு வழக்கம். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊரின் பிரிவுகளாகிய முப்பது குடும்புகளிலிருந்து ஆள் தேர்ந்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று பிரித்தமைத்ததையும், ஏரிக்கென்றே ஒரு குழு இருந்ததையும் நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அதே கல்வெட்டு, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனும் தன் மனையில் வீடு கட்டியிருப்பவனுமே குடத்தில் பெயர் இடப்பெறத் தகுதியுள்ளவன் என்கிறது. வேதப் பயிற்சி உள்ளவனுக்கு நிலத்தகுதி சற்றுத் தளர்த்தப்பட்டது. அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. உழுதவனுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பாவகடாவில் குத்தகைப் பட்டியல் எழுதியவர்களும், தெரிந்தோ தெரியாமலோ, அதே தகுதியைத்தான் கடைப்பிடித்தார்கள்.

இன்றைய கிராம சபையில் நிலமில்லாதவனுக்கும் வாக்கு உண்டு. 2022 முதல் தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அச்சபையின்முன் வைக்கத் தக்க ஒரு கணக்கு இது. பத்து ஏக்கர் நஞ்சையில் இரு போகத்துக்கு, ஏக்கருக்குப் போகமொன்றுக்கு 25 ஆள் என்று வைத்தால், தகடு வந்தபின் ஆண்டில் போய்விடுவது 500 ஆள்கூலி. ஆள் ஒன்றுக்கு 400 ரூபாய் வீதம் 2 லட்சம் ரூபாய். அதே பத்து ஏக்கரில் நிற்கும் 2 மெகாவாட் நிலையம் தருவது 32 லட்சம் யூனிட். கூலி இழந்தவர்கள் அத்தனை பேருக்கும் முழுவதையும் ஈடு செய்தாலும், யூனிட் ஒன்றின்மேல் ஏறுவது ஆறேகால் காசு.